பதினேழாம் எண் அத்தை

பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்து, இடமும் வலமுமாக இரண்டு குலுக்கு குலுக்குவாள். சத்தம் வரக் கூடாது. 'கிளுக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் போச்சு, பெட்டி மறுபடி மேசைக்கு வந்துவிடும். பிரித்து, உள்ளே ஆடுவது எது என்று பார்த்து, அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, மூடி, மறுபடி காதுக்குக் கொண்டு போவாள். பல்பு தொழிற்சாலையின் பேக்கிங் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக இதுதான் அவள் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. கூடத்தில் எல்லோருக்கும் அவள் காதம்மா.

தகரக் கூரை போட்ட நீளமான கூடம் அது. இருபத்திரண்டு இரும்பு மேசைகள். மேசைக்கு ஒரு எண். நாள் முழுக்க டேப் கிழிகிற சத்தம் 'சர்ர், சர்ர்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். காதம்மாவின் மேசை பதினேழு. ஒவ்வொரு பெட்டியையும் மூடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு சீட்டுப் போட வேண்டும்: 'பிரித்தவுடன் சரிபார்க்கவும். குறை இருப்பின் இந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதவும்.' கீழே 17 என்று முத்திரை. இத்தனை வருஷத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு வந்த புகார்கள் மூன்றே மூன்று. முதலாவது, லாரி கவிழ்ந்ததால் வந்தது. இரண்டாவது, வாங்கினவன் சொன்ன பொய். மூன்றாவதை மட்டும் அவள் ஒப்புக்கொள்வாள். "அன்னைக்கு எனக்கு ஜலதோஷம். காது அடைச்சிருந்துது."

கை சும்மா இருக்காது என்பார்களே, இவளுக்குக் காது சும்மா இருக்காது. கடையில் முட்டையைக்கூடக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். தீப்பெட்டி, மாத்திரை டப்பா, உண்டியல், எதுவும் தப்பாது. அவள் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாளெல்லாம் பின்னால் ஐம்பது பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் வண்டி ஓட்டுவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் சேர்த்து வைத்துப் பேசுவார். "கல்யாணமான புதுசுல என் தலையையும் இப்படித்தான் பிடிச்சு ஆட்டிப் பார்த்தா. உள்ள ஏதோ கிளுகிளுங்குதுன்னு அன்னைக்குச் சொன்னவ, இன்னைக்கு வரைக்கும் மாத்திச் சொல்லல" என்பார் வருகிறவர்களிடமெல்லாம்.

இவர்களுக்கு ஒரே மகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிற வேலை பார்க்கிறாள். அந்தக் கடைக்குத் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தான் ஒரு பட்டாளத்துக்காரன். பட்டாளத்தில் மின்சார வேலை. வந்தவன் கண்ணாடி வாங்கினானா, போனானா என்றில்லாமல் மூன்று நாளில் ஐந்து தடவை வந்தான். "தம்பி, உங்க அம்மாவுக்கு மொத்தமே ரெண்டு கண்ணுதானே?" என்று கடைக்காரரே கேட்டுவிட்டாராம்.

அப்புறம் அவன் வீட்டுக்கு வந்தான். பெண் கேட்க, தனியாக, கையில் ஒரு பை நிறையப் பழத்தோடு. கதவைத் திறந்தவள் காதம்மா. "வணக்கம் அத்தை" என்றான்.

பட்டாளம் என்ற வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்தே அவளுக்குச் சரியான தூக்கமில்லை. மகள் ஆயுசு முழுக்க டெலிபோனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளே என்ற பயம். பயம் வாய்க்கு வரும்போது கோபமாகத்தானே வருகிறது! "யாருக்கு யாரு அத்தை? அந்த வார்த்தையெல்லாம் இந்த வாசல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். பழப்பையை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மகள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அந்தப் பழங்களில் ஒன்றைக்கூட அழுகவிடாமல், தினமும் ஒன்றாக, அம்மாவின் கண்ணெதிரே உட்கார்ந்து தின்று தீர்த்தாள். பிடிவாதத்தில் தாய்க்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. ஏழு மாதத்தில் கல்யாணம் நடந்தது.

நடந்த பிறகு பார்த்தால், குறை சொல்ல ஒன்றுமில்லாத மருமகன். விடுப்பில் வந்தால் வீட்டில் உட்கார மாட்டான். மூன்று வருஷமாக முனகிக்கொண்டிருந்த மின்விசிறி அவன் கை பட்டதும் வாயை மூடியது. மாமனாரை வாய் ஓயாமல் "மாமா, மாமா" என்பான். இருவரும் சீட்டாட உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. எல்லாம் சரி. ஆனால் மாமியாரை மட்டும் அவன் எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பான். அவள் சமையலறையில் இருந்தால், கண்ணில் படுகிற தூரம் வரைக்கும் நடந்து வந்து நின்று, இருமுவான். "அந்தப் புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ" என்று மகளிடம் இரண்டு தடவை சொன்னாள் காதம்மா. மூன்றாவது தடவை இருமும்போதுதான் அது சளி இல்லை என்று புரிந்தது.

"பட்டாளத்துக்காரன் அவன்" என்றார் வீட்டுக்காரர். "ஒரு உத்தரவு போட்டா, அதைப் போட்டவங்களே வாபஸ் வாங்கற வரைக்கும் மீற மாட்டான். நீதானே போட்ட? நீயே வாங்கு."

"நான் எதுக்கு வாங்கணும்? பெரியவ நானா, அவரா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். பெரியவ யாரு?"

அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

அப்புறம் அவனைப் பனிமலை எல்லைக் காவலுக்கு அனுப்பினார்கள். பதினான்கு மாதம். மொத்தம் பதினொரு பேர் இருக்கிற சின்ன முகாம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை லாரி மேலே போகும். பார்சல் மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மகள் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளே முதல் பெட்டியைக் கட்டி அனுப்பினாள். ஆசையோடு கட்டினாள், ஆனால் கட்டத் தெரியாமல் கட்டினாள். மலை ஏறுவதற்குள் ஷாம்பு பாட்டில் வாய் திறந்துவிட்டது. பிஸ்கட் பாக்கெட் முழுக்க நுரை. 'பரவாயில்லை, நாங்கள் அதைத் தின்றுவிட்டோம். இரண்டு நாளாக யார் சிரித்தாலும் குமிழி வருகிறது' என்று மனைவிக்கு எழுதியிருந்தான். மகள் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தாள். காதம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் வீட்டுலேருந்து போன பெட்டியா உடைஞ்சுது?"

"உடையலம்மா, ஒழுகிடுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான். யாராவது கேட்டா என் மானம் போயிடும். இனிமே நீ சாமானை வாங்கி வை, போதும். பெட்டி என் பொறுப்பு."

அன்றைக்கு ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, காலை வேலையெல்லாம் முடிந்ததும், சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் பழைய போர்வையை விரிப்பாள். வாங்கி வைத்ததையெல்லாம் வரிசையாக அதன் மேல் வைத்து, இடுப்பில் கையூன்றிக் கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பாள். எதற்குள் எது போகும் என்று மனசுக்குள்ளேயே கட்டிப் பார்ப்பது அது. பேட்டரிகள் கம்பளிச் சாக்ஸுக்குள். சாக்ஸ் தகரக் குவளைக்குள். குவளைக்கும் அட்டைக்கும் நடுவே விடுகிற இடுக்கில் சூப் பாக்கெட்டுகள், நிமிர்த்தி. வெடிப்புக்குத் தடவுகிற களிம்பு டப்பா, கையுறையின் கட்டை விரலுக்குள். சீட்டுக்கட்டைப் பிரித்து, ஐம்பத்திரண்டு சீட்டையும் பெட்டியின் நாலு பக்கமும் மெத்தை மாதிரி செருகிவிடுவாள். காப்பித்தூளைப் பொட்டலமாக வாங்க மாட்டாள். நீளமான துணிப்பையில் கொட்டித் தைத்து, மிச்சமிருக்கிற சந்துபொந்தெல்லாம் அதை வளைத்து விடுவாள். கடைசியில் டேப். அப்புறம் காது.

"ஏய், பாவம்டி அவங்க. பெட்டிக்குள்ள ஒரு துப்பாக்கி ரவை போற அளவுக்காவது இடம் விடு" என்பார் வீட்டுக்காரர். அவருக்குத் தராசு பிடிக்கிற வேலை. டேப்பைக் கத்தரிக்கிற வேலையும் உண்டு, ஆனால் ஒட்டுகிற வேலை கிடையாது. ஒட்டினால் கோணிக்கொள்ளும் என்று அவள் விட மாட்டாள்.

அனுப்புநர் என்ற இடத்தில் மகளின் பெயர்தான் இருக்கும். அதில் காதம்மாவுக்கு ஒன்றுமில்லை. புருஷனுக்குப் பெண்டாட்டி அனுப்புகிற பெட்டி. நடுவில் தான் யார்? ஆனால் பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே! இருபத்தாறு வருஷமாகப் பெட்டியை மூடுவதற்கு முன்னால் கை தானாகச் செய்கிற ஒரு காரியத்தை, வீட்டில் கட்டின முதல் பெட்டியிலும் அது செய்துவிட்டது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற மேலங்கியின் பைக்குள் எப்போதும் நாலைந்து சீட்டுக் கிடக்கும். அதில் ஒன்று பெட்டிக்குள் போய்விட்டது. பேருந்து ஓட்டுநருக்கு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் பிரேக்கைத் தேடும் என்பார்களே, அது போல. அவளுக்கே தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. மகள் பெயருக்கு அல்ல. உறையின் மேல் கொட்டை எழுத்தில், 'எண் 17 அவர்களுக்கு' என்று எழுதி, கீழே வீட்டு விலாசம்.

உள்ளே அதே சீட்டு. பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. போதாமல் நாலு தாள் இணைப்பு. ஆளுக்குக் கொஞ்சமாக எல்லோரும் எழுதியிருந்தார்கள். மகள் சத்தமாகப் படித்தாள்.

'பிரித்தவுடன் சரிபார்த்தோம். குறை ஒன்றுமில்லை. பிரிக்க ஆன நேரம் நாற்பது நிமிடம். இங்கே பொழுதுபோக்கே கிடையாது. ஆகவே அடுத்த பெட்டியை ஒரு மணி நேரம் ஆகிற மாதிரி கட்டவும்.' இது ரேடியோக்காரர்.

'கையுறையின் கட்டை விரலில் களிம்பு இருந்ததை ஐந்தாம் நாள்தான் கண்டுபிடித்தோம். அதுவரைக்கும் என் கட்டை விரல் ஏன் உள்ளே போகவில்லை, வீங்கிவிட்டதா என்று பயந்துகொண்டிருந்தேன். உதடு இப்போது வெடிக்கவில்லை. சிரிக்க முடிகிறது. என் அம்மா போன பிறகு எனக்குப் பெட்டி வருவதில்லை. இந்தப் பெட்டியில் எனக்கும் ஒரு ஜோடி சாக்ஸ் கிடைத்தது. காலுக்கு நல்ல அளவு.' இது முகாமிலேயே சின்னவன். அவன் பகுதியைப் படிக்கும்போது மகளின் குரல் கொஞ்சம் இறங்கியது. காதம்மா எழுந்து போய், அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தாள்.

கடைசித் தாள் முகாமின் சமையற்காரர் எழுதியது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்.

'யாருய்யா இந்தப் பதினேழுன்னு உங்க ஆளைக் கேட்டோம். "என் மனைவியோட அம்மா"ன்னாரு. அட, அத்தைன்னு ஒரே வார்த்தையில சொல்லித் தொலையேன், எதுக்கு இப்படி ஊரைச் சுத்தி வர்றேன்னு கேட்டேன். வாயே திறக்கலை. அவர் சொல்லாட்டிப் போகட்டும். நாங்க சொல்றோம். அத்தை, காப்பி பிரமாதம்! நாங்க பத்துப் பேர் இருக்கோம். உங்களுக்கு இன்னும் பொண்ணு இருந்தா சொல்லுங்க.'

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பத்து மருமகன்! ஒரே நாள்ல! எனக்கு ஒரு பஸ் பத்தாதுடி, ரெண்டு பஸ் வேணும்."

காதம்மாவும் சிரித்தாள். தொழிற்சாலையில் அந்தத் தாள்களை இருபத்தொரு மேசைக்கும் கொண்டு போய்க் காட்டினாள். மேற்பார்வையாளர்கூட மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "பதினேழுக்கு இதுதாம்மா நாலாவது கடிதம்" என்றார். கம்பெனிச் சீட்டு எப்படிப் பனிமலைக்குப் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. பெரிய மனுஷன்.

ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு முள். முன்பின் தெரியாத பத்துப் பேர் அத்தை என்கிறார்கள். சொல்ல வேண்டியவன் 'மனைவியின் அம்மா' என்கிறான். அதே உறையில் மகளுக்கென்று தனியாக அவன் வைத்திருந்த கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: 'பெட்டி கட்டியவருக்கு என் நன்றியைச் சொல்.'

"நன்றியாமில்ல!" என்றாள் இரவுச் சாப்பாட்டின்போது, யாரும் ஒன்றும் கேட்காமலே.

"நன்றி சொன்னா நல்லதுதானே?" என்றார் வீட்டுக்காரர்.

"எது நல்லது? கடைப் பலகையில எழுதற வார்த்தை அது. 'நன்றி, மீண்டும் வருக.' வீட்டு மனுஷங்க யாராவது வீட்டு மனுஷங்களுக்கு நன்றி சொல்லுவாங்களா? முப்பது வருஷமா உங்களுக்குச் சோறு போடறேன், ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா?"

"சொல்லணுமா? இப்பவே சொல்றேன். நன்…"

"சொன்னீங்க, கரண்டி பறக்கும்!" சாப்பாட்டை அளைந்தாள். "அந்நியமாக்கிட்டாரு என்னை. பெட்டி கட்டியவராம். நான் என்ன பார்சல் ஆபீஸா?"

மகள் தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள்: "சரிம்மா. நீ அவரை என்னன்னு கூப்பிடுவ?"

"நானா? நான்… நீங்கன்னுதான்."

"கூப்பிடறப்போ?"

காதம்மா யோசித்தாள். சாப்பிட வரச் சொல்ல வேண்டுமென்றால், "அவரை வரச் சொல்லு" என்று மகளிடம் சொல்வாள். மகள் இல்லாத நேரத்தில் தட்டைக் கொஞ்சம் சத்தமாக மேசையில் வைப்பாள். அடுத்தவர்களிடம், "இவ வீட்டுக்காரர்" என்பாள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட…

"ஒரு தடவையாவது மாப்பிள்ளைன்னு சொல்லியிருக்கியா? அவர் இருமறார், நீ தட்டை உருட்டற. நடுவுல நான் ஒருத்தி தபால்காரி" என்றாள் மகள்.

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்தார். அவர் ஜோக் அடிக்காமல் விட்டதிலிருந்தே விஷயம் பெரிது என்று காதம்மாவுக்குப் புரிந்தது. பெட்டிக்குள் ஏதாவது ஆடினால் பக்கத்துப் பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை, இடம் விட்டவள்தான் பொறுப்பு என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

அடுத்த பெட்டிக்கு அவள் கூடுதலாக ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ் மட்டும் அதிகம், சின்னவனை நினைத்து. கட்டி, டேப் போட்டு, காதில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. கடிதம் ஒன்று எழுதி உள்ளே வைக்கலாம் என்று முதலில் உட்கார்ந்தவள்தான். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாள். கடிதமென்றால் அவனுக்கு மட்டும் தெரியும். வாசலில் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்ன வார்த்தையை மூடின உறைக்குள் வைத்தா திருப்பி வாங்குவது?

தொழிற்சாலையில் மரப்பெட்டிகளில் எழுதுகிற தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்தாள். அதன் மை மழையிலும் போகாது, வெயிலிலும் போகாது. பெட்டியின் மேல்பக்கத்தில், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு, எழுதினாள்: மாப்பிள்ளைக்கு.

எழுதி முடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் முகம் கழுவப் போய்விட்டாள். "விலாசச் சீட்டை நான் ஒட்டிடறேன்" என்றார் வீட்டுக்காரர். டேப் தீர்ந்துபோயிருந்தது. மாவைக் கரைத்துக் காய்ச்சி, அவரே பசை செய்து ஒட்டினார். அன்றைக்கு இருந்த மனநிலையில் அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் கதை வேறு.

தபால் அலுவலகத்தில் பார்சல் எழுத்தர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண், பிரிவு, பேரு எல்லாம் சீட்டுல சரியா இருக்கு. இது என்னம்மா மேல? மாப்பிள்ளைன்னு பட்டாளத்துல பதவி எதுவும் இல்லையே?"

"எங்க வீட்டுல இருக்கு" என்றாள் காதம்மா.

அவர் மேலே ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவள் பட்ட பாடு! எழுதியிருக்க வேண்டாமோ? லாரி ஏற்றுகிறவன், இறக்குகிறவன், அதிகாரி, இத்தனை பேர் கண்ணில் பட்டு அந்தப் புள்ளைக்குக் கேலியாகிப் போகுமோ? கோபித்துக்கொண்டால்? மனசுக்குள் ஏதோ ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. எந்த அட்டையைச் செருகினாலும் நிற்கவில்லை. தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் மூன்று பெட்டிகளைக் குலுக்காமலே அனுப்பிவிட்டு, பதறிப்போய் லாரியிலிருந்து இறக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் அவன் மகளோடு போனில் பேசுவான். அந்தப் பத்து நிமிடமும் காதம்மா பக்கத்து அறையில் ஒரே ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருப்பாள். முதல் ஞாயிறு, லாரி இன்னும் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு, மேலே பனி, போனே வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு மகள் போனோடு நேராக அம்மாவிடம் வந்தாள். "இந்தா. உன்கிட்டப் பேசணுமாம்."

"என்கிட்டயா? எதுக்கு? பெட்டி உடைஞ்சு போச்சா?"

"நீயே கேளு."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரக் கையோடு போனை வாங்கிக் காதில் வைத்தாள். கரகரவென்று காற்று. அப்புறம் இரண்டு இருமல். சரிதான், அதே இருமல் என்று நினைப்பதற்குள்:

"அத்தை, என்ன அத்தை இப்படிப் பண்ணிட்டீங்க?"

அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன… என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"பேரு ஒட்டின சீட்டு பனியில ஊறி எங்கயோ விழுந்துடுச்சு. முகாம் எண் போட்ட மூட்டையில இருந்ததால இங்க வரைக்கும் வந்துது. பெட்டி மேல வெறும் மாப்பிள்ளைக்குன்னு மட்டும்தான் இருக்கு. இங்க யாரு யாரைப் பேரு சொல்லிக் கூப்பிடறோம்? எல்லாரும் எல்லாருக்கும் மாப்ளதான்! பதினொரு பேரும் 'எனக்குத்தான், எனக்குத்தான்'னு நிக்கறாங்க. சமையற்காரருக்குக் கல்யாணமே ஆகலை அத்தை, அவர் சொல்றாரு, 'வரப்போற மாமியார் முன்கூட்டியே அனுப்பியிருக்காங்க'ன்னு!"

"அடப் பாவிகளா! அப்புறம்?"

"அரை மணி நேரம் பஞ்சாயத்து. கடைசியில எங்க முகாம் தலைவர் பெட்டியைக் காதுல வச்சுக் குலுக்கினாரு. பொட்டுச் சத்தம் இல்லை. 'டேய், இது பதினேழு. இவன்கிட்டக் குடுங்க'ன்னாரு. குடுத்தாங்க. ஆனா மேல எழுதினபடி எல்லாருக்கும் பங்குன்னு தீர்ப்பு. எனக்கு என்ன வந்துது தெரியுமா? ஒரு சூப் பாக்கெட்டு, ஒரு சாக்ஸு. ஒத்தைச் சாக்ஸ் அத்தை! இன்னொண்ணு ரேடியோக்காரன் கால்ல இருக்கு."

"நான் ஒட்டினா விழுமா மாப்பிள்ளை? ஒட்டினது உங்க மாமா. மாவுப் பசையாம் மாவுப் பசை!"

"மாமா வேலையா அது? அவரை இனிமே பசைப் பக்கம் விடாதீங்க. அப்புறம், இன்னொரு குறை."

"இருங்க, இருங்க" என்று சொல்லி, மகளிடம் கையைக் காட்டிப் பேனா வாங்கினாள். அன்றைய செய்தித்தாளின் ஓரத்தை மடித்து வைத்துக்கொண்டாள். "ம், சொல்லுங்க."

அவன் சொல்லிக்கொண்டே போனான். சாக்ஸ் நீளம் போதவில்லை, முழங்கால் வரைக்கும் வர வேண்டும். காப்பிப் பையின் தையலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், பிரிக்கிற அவசரத்தில் போன தடவை பாதி பனியில் கொட்டிவிட்டது. சீட்டுக்கட்டில் ஒரு ராணி குறைகிறது, மாமா எடுத்து வைத்துக்கொண்டாரா என்று கேளுங்கள். டேப்பை இவ்வளவு சுற்றினால் கையுறையைக் கழற்றித்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது, விரல் விறைத்துப் போகிறது. ஒரு முனையை மடித்து விட்டால் என்ன? சின்னவனுக்குக் கேசரி நிறத்தில் தொப்பி ஒன்று வேண்டுமாம், வெட்கப்படுகிறான், நான்தான் கேட்கிறேன்.

"டேப் முனை… மடிச்சு… சரி. இது எனக்குத் தோணாமப் போச்சே" என்று முணுமுணுத்தபடி அவள் எழுதினாள். ஓரம் தீர்ந்து, தாளைத் திருப்பி, விளம்பரத்தின் மேலேயே எழுதினாள். "மெதுவாச் சொல்லுங்க மாப்பிள்ளை, கை ஓடலை. வேற? வேற ஒண்ணுமில்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

பத்து நிமிடத்தில் ஒன்பதரை அவளுக்கே போய்விட்டது. மிச்சத்தில் மகள் "எப்படி இருக்…" என்பதற்குள் போன் நின்றுவிட்டது. மகள் கோபித்துக்கொள்ளவில்லை, போனைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டு, சிரித்தபடி உள்ளே போனாள்.

பேருந்தை விட்டுவிட்டு வீட்டுக்காரர் மதியம் வந்தபோது, காதம்மா பசைக் கிண்ணத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, மேசையின் மேல் அந்தச் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போன் வந்துதாமே? என்னவாம்?"

"பெட்டியில ஏழு குறை. ஏழுல ரெண்டு உங்களால. அந்த ராணிச் சீட்டை எங்க வச்சிருக்கீங்க?"

"ஏழு குறையா?" அவர் செருப்பைக் கழற்றியபடி அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் மூன்று புகாருக்கே மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள். "சரி, கஷ்டப்பட்டுக் கட்டி அனுப்பினதுக்கு நன்றியாவது சொன்னாரா?"

"ஒரு வார்த்தை சொல்லலை" என்றாள் காதம்மா, முகமெல்லாம் பல்லாக.